சமத்துவக் கலப்பான்

நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டி வரப்பில் அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வாய்க்காலில் ஓணான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, தண்ணி வந்துரும்னு சொன்னியே?" என்றாள் அம்சம். நடவுப் பெண்களைச் சேர்த்து அழைத்து வந்தவள் அவள்தான்.

"ஆத்துல வந்துருச்சுடி. மதகுல நிக்கிது."

"மதகுல ஏன் நிக்கிது?"

"பூட்டிருக்கு."

"சாவி?"

"லஸ்கர் பக்கிரி அண்ணன் இடுப்புல."

"பக்கிரி அண்ணன் எங்க?"

அதுதான் பொன்னுத்தாய்க்குத் தெரியவில்லை. மதகைத் திறந்து மூடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள், ஆற்றில் தண்ணீர் வந்த அன்று மதகுப் பக்கமே காணோம்.

பொன்னுத்தாயின் அந்த ஒரு ஏக்கர் அரசாங்கம் கொடுத்தது. உச்சவரம்புக்கு மேல் போய்விட்டது என்று வைத்தியலிங்கத்தின் பண்ணையிலிருந்து எடுத்து, அதே பண்ணையில் கூலிக்கு நட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மேடை போட்டு, மாலை போட்டு, ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தார்கள். நிபந்தனையை மட்டும் ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னார்கள்: பயிர் வைக்காமல் தரிசு போட்டால் நிலம் பழைய கைக்கே திரும்பும். முதல் வருஷம் வைத்தியலிங்கம் கோர்ட்டில் தடை வாங்கினார். மறுவருஷம் நாற்றங்காலில் அவர் மாடுகள் தாமாகவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து மேய்ந்தன. இந்த வருஷமும் விட்டால் அவ்வளவுதான். நாளைக் காலையில் தாசில்தார் வந்து வரப்பில் நின்று பார்ப்பார். பச்சையாக இருந்தால் பொன்னுத்தாயுடையது, பழுப்பாக இருந்தால் வைத்தியலிங்கத்துடையது. தாசில்தாருக்கு நிறம் தெரிந்தால் போதும் என்று சட்டமே முடிவு செய்துவிட்டது.

ஆற்றிலோ முறைத் தண்ணீர். பொழுது சாய்ந்ததும் மேலே அடைத்து அடுத்த ஆற்றுக்குத் திருப்பிவிடுவார்கள். போன முறையில் உழுது சேறாக்கிய வயல், புரட்டாசி வெயிலுக்கு ஓரம் ஓரமாக வெடிக்க ஆரம்பித்திருந்தது.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "பக்கிரியையா தேடுறீங்க? பயணியர் மாளிகையில இருக்காரு. குளிக்கிற ரூம்ல டூட்டி."

"குளிக்கிறாரா?"

"குளிக்கலம்மா. டூட்டிங்கிறேன்."

நாற்றுக்கட்டுகள் மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு, "நீ இங்கயே இருடி, ஒரு ஓட்டமா போய்ட்டு வந்துர்றேன்" என்று பொன்னுத்தாய் வாய்க்கால் கரையோடு நடந்தாள். பயணியர் மாளிகை அதே வாய்க்கால் கரையில்தான் இருந்தது, மதகுக்கும் அவள் வயலுக்கும் நடுவே. வாசலில் வரிசையாகக் கார்கள், கொடிகள். முன்வராந்தாவில் பட்டுச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு வைத்தியலிங்கம் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அவரைப் 'பண்ணை' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பொன்னுத்தாய், நிலம் கிடைத்த பிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"என்ன பொன்னுத்தாயி, நடவு நாளும் அதுவுமா இந்தப் பக்கம்? வேலை இல்லியா?"

"வேலை இருக்குங்க. தண்ணிதான் இல்ல."

"தண்ணியா?" அவர் சால்வையைத் தடவிக்கொண்டார். "உள்ள மந்திரியே குளிக்கத் தண்ணியில்லாம உக்காந்திருக்காரு. உனக்கு என்ன அவசரம்?"

கூட்டத்தோடு கூட்டமாகப் பொன்னுத்தாய் பின்பக்கமாக நுழைந்தாள். சமையல்காரர்கள் அவளைப் பாத்திரம் தேய்க்க வந்தவள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவளைக் கும்பிட்டுச் சிலர் ஒதுங்கினால்கூட அவ்வளவு சுலபமாகப் போயிருக்க முடியாது.

குளியலறையில் பக்கிரி முழுக் காக்கிச் சட்டையோடு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை, சுவரில் இருந்த பளபளப்பான ஒரு குமிழின்மேல்.

"அண்ணே!"

"ஸ்ஸ்! கத்தாத தங்கச்சி. நீரொழுங்கியில காவல் இருக்கேன்."

"இது நீரொழுங்கியா? இது குழாயிண்ணே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எழுத்துல நீரொழுங்கின்னு வந்துருச்சு."

அது வந்த கதையைப் பக்கிரி குமிழிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். வைத்தியலிங்கத்தின் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. மாமனார் அதை மாளிகைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஒரு பக்கம் வெந்நீர்க் குழாய், ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய். குமிழில் எண் போட்டிருக்கும். எந்தச் சூடு வேண்டுமோ அந்த எண்ணில் வைத்தால், அதுவே அளந்து கலந்து ஷவரில் விடும். முப்பத்தெட்டில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்காமல் அதற்குமேல் போகாது, யாரையும் சுடாது.

"நல்லதுதானே. அதுவே கலந்துக்கும்னா நீங்க எதுக்கு?"

"அங்கதான் வந்துச்சு வில்லங்கம். வெந்நீரு மின்பிரிவைச் சேர்ந்தது. தண்ணி பாசனப்பிரிவைச் சேர்ந்தது. கலந்த தண்ணி யாரைச் சேர்ந்தது? ரெண்டு ஆபீஸும் எழுதிக்கிட்டே இருந்தாங்க. கடைசில மேல இருந்து முடிவு வந்துச்சு. ரெண்டு பக்கத் தண்ணி ஒரு எடத்துல சேர்ந்து, அளவா வெளிய போனா அதுக்குப் பேரு நீரொழுங்கி. நீரொழுங்கின்னா லஸ்கர் இருக்கணும். இந்தப் பிரிவுல இருக்கிற ஒரே லஸ்கர் நான்."

"அண்ணே, நாத்துப் பறிச்சாச்சு. பொழுது சாஞ்சா முறை முடியுது. நாளைக்குத் தாசில்தார் வர்றாரு."

பக்கிரியின் முகம் சுருங்கியது. "தெரியும் தங்கச்சி. காலைலேருந்து இந்த முக்காலிய விட்டு எந்திரிக்க முடியல."

"சாவியக் குடுங்க. நாங்களே திறந்துக்கிறோம்."

"இலாகா சாவி. நீ தொட்டா உன்மேல கேசு. நான் குடுத்தா என்மேல. வைத்தியலிங்கம் வாசல்ல எதுக்கு உக்காந்திருக்காருன்னு நெனைக்கிற?"

அப்போது செயற்பொறியாளர் அரசப்பன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மின்பிரிவு உதவிப் பொறியாளர் அப்துல் ஜலீல், கையில் ஸ்பானரோடு. அவர்களுக்கும் பின்னால், இடுப்பில் துண்டும் தோளில் துண்டுமாக மாண்புமிகு அமைச்சர். அன்று மாலை ஊர் மைதானத்தில் உழவர் மாநாடு. நாலு நாளாகப் பேசிப் பேசி அவர் தொண்டை கட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால்தான் குரல் திறக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். குரல் திறக்காவிட்டால் மாநாடு இல்லை.

"ஏன்யா வரல?" என்றார் அமைச்சர், கீச்சுக் குரலில்.

அரசப்பன் கையைக் கட்டிக்கொண்டார். "ஐயா, இதன் பெயர் சமத்துவக் கலப்பான். தனித்தமிழில் பெயர் வைக்கத் துறையே கூடி ஆலோசித்தது. மேலிருக்கும் வெந்நீர், கீழிருக்கும் தண்ணீர் என்ற பேதமில்லாமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து..."

"பேரு நல்லாருக்கு. தண்ணி எங்க?"

"அதைத்தான் ஐயா, திறந்து பார்க்க வேண்டும். திறப்பது பராமரிப்பில் சேருமா, பழுது பார்ப்பதில் சேருமா என்று..."

பொன்னுத்தாய் குறுக்கே கும்பிட்டாள். "ஐயா, அது சேர்றதுக்குள்ள பக்கிரி அண்ணன் ஒரு நடை வந்து மதகத் திறந்துவிட்டுட்டு வந்துரட்டுங்க. கைய எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்க. அதுலதான் தண்ணியே வரலியே."

அரசப்பன் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. விளக்கினார்.

"இந்தா பாரும்மா. ஒரு லஸ்கர் ஒரே நேரத்தில் இரண்டு நீரொழுங்கியில் இருக்க முடியாது. உன் மதகு மூடியிருக்கிறது. மூடியிருக்கிற மதகால் யாருக்கும் கெடுதல் இல்லை. என் சர்வீசில் நான் கண்டது இது: திறந்த மதகுக்கு விசாரணை வரும், மூடிய மதகுக்கு மனுதான் வரும். மனுவை நாங்கள் அன்போடு வாங்கிக்கொள்வோம்."

ஜலீல் இதற்குள் இரண்டு பக்கக் குழாயையும் அடைத்துவிட்டு, குமிழைக் கழற்றி, உள்ளேயிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கட்டையை உருவினார். அதன் உடம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீர்ப் பக்கத்துச் சல்லடையையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இதப் பாருங்க."

சல்லடையில் அழுகிய சாமந்தி இதழ்கள் அப்பியிருந்தன. இதழ்களுக்கு நடுவே நெல். சும்மா நெல் இல்லை. முளை விட்ட நெல், பச்சைக் கொழுந்தோடு.

"குழாய்க்குள்ள நெல்லு எப்படி வந்துச்சு?" என்றார் அமைச்சர்.

பக்கிரி எழுந்து நின்றார். "ஐயா, போன வாரம் திறப்பு விழா. நீரொழுங்கி திறந்தா தண்ணில பூவும் நெல்லும் போடுறதுதானுங்களே நம்ம வழக்கம். பெரிய சார்தான் மொட்டை மாடித் தொட்டியில ஒரு மரக்கா நெல்லு போட்டாங்க. நாங்கள்லாம் கையெடுத்துக் கும்பிட்டோம்."

அரசப்பன் கண் கலங்கிவிட்டார். வெட்கத்தால் அல்ல, வெற்றியால்.

"ஜலீல், முடிந்தது வழக்கு! நெல் முளைத்த இடம் பாசனப் பரப்பு. ஆகவே இந்தக் குளியலறை சந்தேகமில்லாமல் பாசனப்பிரிவைச் சேர்ந்தது. மின்பிரிவு இனி இதில் உரிமை கொண்டாட முடியாது. அதுமட்டுமல்ல, மதகிலிருந்து வரும்போது இதுதான் முதல் வயல். தலைமடை. இதற்குத்தான் முதல் தண்ணீர்."

"சார், எனக்கு உரிமையே வேணாம். எடுத்துக்குங்க," என்றார் ஜலீல்.

"ஐயா," என்றாள் பொன்னுத்தாய், "அப்ப என் நெலத்தையும் ஒரு குழாய்க்குள்ள வெச்சுரலாமுங்களா? அங்கதான் நல்லா வெளையுது."

பக்கிரி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜலீல் அந்தக் கட்டையைச் சமையலறைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து எடுத்தார். சல்லடையைக் கழுவினார். ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவினார். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி, குழாய்களைத் திறந்து, குமிழைத் திருகினார். ஷவர் ஒரு தடவை விக்கியது. நாலு சொட்டு விட்டது. நின்றுவிட்டது.

வெளியே வேப்பமர நிழல் நீண்டு கிணற்றுச் சுவரைத் தொட்டிருந்தது. நாற்றின் மேல் போர்த்திய சாக்கு இந்நேரம் காய்ந்திருக்கும்.

ஜலீல் அட்டைப்பெட்டியில் வந்த குறிப்பைப் பிரித்துப் படித்தார். "சார், இது கெட்டுப் போகல. இதோட கொணமே இப்படித்தான். தண்ணிப் பக்கம் வரத்து நின்னா, வெந்நீரு மட்டும் வந்து ஆளச் சுட்டுரக் கூடாதுன்னு அதுவே ரெண்டையும் மூடிக்கும். ஒரு பக்கத்துக்கு இல்லன்னா மறுபக்கத்துக்கும் கிடையாது."

"நல்ல கொள்கையாத்தான் இருக்கு," என்றார் அமைச்சர், துண்டை இறுக்கிக்கொண்டு. "தண்ணிப் பக்கம் ஏன் வரத்து இல்ல?"

"தொட்டி காலி ஐயா," என்றார் அரசப்பன்.

"தொட்டி ஏன் காலி?"

"மோட்டார் காற்றை இழுக்கிறது ஐயா. கரையில் இருக்கிற உறைகிணற்றில் தண்ணீர் இல்லை."

"கிணத்துல ஏன் இல்ல?"

"வாய்க்கால் ஓடினால்தான் கிணறு ஊறும் ஐயா. வாய்க்கால் காய்ந்திருக்கிறது."

"ஏன் காஞ்சிருக்கு?"

"மதகு மூடியிருக்கிறது ஐயா."

"ஏன்யா மூடியிருக்கு?"

"திறக்க ஆளில்லை ஐயா."

"ஆளு எங்கய்யா?"

எல்லோரும் பக்கிரியைப் பார்த்தார்கள். பக்கிரி குமிழைப் பார்த்தார்.

"அங்க என்னய்யா பண்ணிக்கிட்டிருக்க? ஓடு!"

பக்கிரியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொன்னுத்தாய் மாளிகையின் பின்வாசலில் வாய்க்காலைப் பார்த்தபடியே நின்றாள். முதலில் சருகுகள் நகர்ந்து வந்தன. பிறகு நுரை. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர், நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கரையில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டாள். இதோ மாளிகையைத் தாண்டும். தாண்டினால் அரை மைல், அவள் வயல்.

தாண்டவில்லை.

மாளிகைக்குக் கீழே, வாய்க்காலின் குறுக்கே, நாலு ஆட்கள் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வைத்தியலிங்கத்தின் ஆட்கள். மூட்டைகளும் அவருடையவை. காலையிலிருந்தே தயாராக வண்டியில் இருந்தவை.

"என்னங்க இது?" என்று அலறினாள்.

"வாய்க்கால்ல தண்ணி ஒசந்தாத்தான் கிணத்துக்குள்ள எறங்கும்னு எஞ்சினியர் ஐயா சொன்னாரு," என்றார் கரையில் நின்ற வைத்தியலிங்கம். "அரசாங்கத்துக்கு ஒரு கஷ்டம்னா நாம கை குடுக்க வேணாமா?"

அரசப்பனும் வந்து நின்றார். "மாண்புமிகு அவர்கள் குளித்து முடித்ததும் எடுத்துவிடுவோம், அம்மா."

"குளிச்சு முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிருங்களே! மேல அடைச்சிருவாங்களே!"

"ஒரு நீரொழுங்கிதானே அம்மா முதலில்? தலைமடை நனைந்தால் கடைமடை நனைந்த மாதிரி."

அம்சமும் நடவுப் பெண்களும் தண்ணீர் வரும் சத்தத்தை எதிர்பார்த்து மேலே நடந்து வந்து, மணல் மூட்டைகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். வெயில் மஞ்சளாகிவிட்டது. மோட்டார் உறுமியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் குளியலறை ஜன்னலிலிருந்து ஷவர் கொட்டும் ஓசை. கூடவே ஆவியும், சந்தன சோப்பு வாசனையும்.

பிறகு குரல். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் அமைச்சரின் தொண்டை திறந்துகொண்டது. அவர் மாலைப் பேச்சை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். ஜன்னலுக்குக் கீழே நின்ற பொன்னுத்தாய்க்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"தாய்மார்களே! கடைமடையிலே வாடி நிற்கிறாளே ஒரு தாய், காய்ந்த வரப்பிலே கண்ணீரோடு நிற்கிறாளே, அந்தத் தாயின் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறவரை, ஆணையிட்டுச் சொல்கிறேன், என் உடம்பிலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாது!"

ஷவர் சோவென்று கொட்டியது.

பொன்னுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் குதித்தாள்.

"அம்சம்! எறங்குங்கடி! மந்திரி சொல்லிட்டாரு!"

முதல் மூட்டையைப் புரட்டிவிட்டாள். வைத்தியலிங்கத்தின் ஆட்கள் மண்வெட்டியோடு முன்னால் வந்தார்கள். பெண்கள் எல்லோருமாக நடுவில் இறங்கி நின்றார்கள். ஒரு மண்வெட்டி தலைக்குமேல் உயர்ந்தது.

"நிறுத்து!" என்று ஓடி வந்தார் அரசப்பன். "யார் உத்தரவில் எடுக்கிறீர்கள்?"

"மந்திரி உத்தரவுங்க."

"எழுத்தில் இருக்கிறதா?"

"காதுல இருக்குங்க. இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. நீங்களே கேட்டுக்குங்க."

அரசப்பன் ஜன்னலை நோக்கிக் காதைச் சாய்த்தார். உள்ளே அமைச்சர், அந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று கணக்குப் போட்டு, அதே வாக்கியத்தை இன்னும் உரத்த குரலில், இன்னும் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "...போய்ச் சேருகிறவரை... என் உடம்பிலே... ஒரு சொட்டுத் தண்ணீர் படாது!"

அமைச்சர் சொன்னதைச் செய்யாமல் விட்டது அரசப்பனின் சர்வீசில் இல்லை. அர்த்தம் கேட்டதும் இல்லை. அவருடைய உடம்பு தானாகவே விறைத்து நின்றது.

"மாண்புமிகு அவர்களின் வாய்மொழி உத்தரவு!" என்றார். "மூட்டையை எடுங்கள்!"

"யோவ், உனக்குப் பைத்தியமா? அது மேடைப் பேச்சுய்யா!" என்று கத்தினார் வைத்தியலிங்கம்.

"மேடையில் சொன்னால் பேச்சு. மாளிகையில் சொன்னால் உத்தரவு. எடுங்கள்!"

ஓங்கிய மண்வெட்டி இறங்கி மூட்டையைத் தள்ளியது. மதகிலிருந்து அப்போதுதான் நடந்து வந்து சேர்ந்த பக்கிரி, காக்கி நிஜாரோடு வாய்க்காலில் குதித்து இரண்டு கையாலும் இழுத்தார். தேங்கி நின்ற தண்ணீர் உடைத்துக்கொண்டு ஓடியது. பெண்கள் அதன் கூடவே கரையில் ஓடினார்கள்.

வாய்க்கால் இறங்கியது. கிணறு இறங்கியது. மோட்டார் காற்றைக் குடித்துக் கரகரத்தது. தொட்டியில் இருந்த கொஞ்சமும் தீர்ந்தது. சுவரில் இருந்த சமத்துவக் கலப்பான், தண்ணீர்ப் பக்கம் வரத்து நின்றதை உணர்ந்து, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வெந்நீரையும் மூடிக்கொண்டது.

உள்ளே பேச்சு நின்றது.

"ஏய்! எவன்டா தண்ணிய நிறுத்துனது? கண்ணெல்லாம் சோப்புடா!"

அரசப்பன் மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்று, வணங்கிச் சொன்னார். "தாங்கள்தான் ஐயா."

வெயில் போய் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தபோது பொன்னுத்தாயின் வயலில் கணுக்கால் தண்ணீர் நின்றது. மேலே ஆற்றை அடைத்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அடைக்கட்டும், வந்தது போதும். பெண்கள் குனிந்த தலை நிமிராமல் நட்டார்கள். வரப்போரத்திலிருந்து பச்சை, வரிசை வரிசையாக நடுவயலை நோக்கிப் போனது.

ஊர்ப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. அமைச்சர் மேடை ஏறிவிட்டார். காதோரம் வெள்ளையாக ஏதோ காய்ந்து அப்பியிருந்ததாகவும், முகத்தைச் சுளித்துச் சுளித்துச் சொறிந்துகொண்டே பேசியதாகவும் மாநாட்டுக்குப் போனவர்கள் பிறகு சொன்னார்கள். ஆனால் குரல் மட்டும் கணீரென்று இருந்தது. தண்ணீர் நிற்கும் வயல்களின் மேல் மிதந்து வந்தது.

"...அந்தத் தாயின் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறவரை, என் உடம்பிலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாது!"

கைதட்டல் அலையடித்தது.

பொன்னுத்தாய் முதுகை நிமிர்த்தி, சேற்றுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டாள். வைத்தியலிங்கத்தின் பண்ணைப் பக்கம் ஒரு விளக்கு எரிந்தது. நாளைக் காலையில் தாசில்தாரோடு அவரும் வந்து நிற்பார். நிற்கட்டும். பச்சைக்குப் பழுப்பு என்று பேர் வைக்க ஒரு குழு கூட வேண்டும், அது காலைக்குள் கூடி முடியாது.

"பாவம்டி அம்சம், மனுசன் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு."

"அவரு எங்கக்கா காப்பாத்துனாரு?" அம்சம் அடுத்த முடியைப் பிரித்தாள். "அந்தக் குழாய்தான் காப்பாத்துச்சு. நடு, நடு, வெளிச்சம் போவுது."